பிரிக்வில்லோவில் ஓடிய இன்ஜின்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் குளிரில் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு வேலை வந்துவிடுகிறது. இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாப்பிள்ளையும் எங்களைப் பிரிக்வில்லோ என்கிற கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஈலி என்று பெரிய தேவாலயம் உள்ள ஊர் இருக்கிறது. அதிலிருந்து கிழக்கே நாலு மைல். லார்க் ஆற்றங்கரையில் ஒரு பழைய பம்ப் ஹவுஸ், அதையே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். வயலில் தேங்கும் தண்ணீரை ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டிருந்த பழைய இன்ஜின்களெல்லாம் அங்கே நிற்கின்றன. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். வருஷத்தில் சில நாட்கள் மட்டும் இன்ஜின்களை ஓட்டிக் காட்டுவார்கள். நல்லவேளை, அப்படியொரு நாளாகப் பார்த்துத்தான் மாப்பிள்ளை கூட்டிப் போயிருந்தார்.

முதலில் அந்த ஊர் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஆறு பள்ளத்தில் ஓடும், கரை ஏறினால் வயல். இங்கே காரில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆறு மேலே ஓடுகிறது, வயல் கீழே கிடக்கிறது. ஃபென்ஸ் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். ஒரு காலத்தில் பூராவும் சதுப்பு. 1630களில் பெட்ஃபோர்ட் பிரபுவும் அவரோடு பணம் போட்டவர்களும் சேர்ந்து, வெர்முய்டன் என்ற டச்சுக்காரரை வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். வளைந்து வளைந்து போன ஆற்றுக்குப் பதிலாக 21 மைல் நீளத்துக்கு நேர்க்கோடாக வெட்டி, தண்ணீரைக் கடலுக்கு விரட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. கறுப்பு மண் வெளியே வந்தது. பீட் என்பார்கள், ஆயிரக்கணக்கான வருஷம் செடிகொடிகள் மக்கி மக்கிச் சேர்ந்த மண். கையில் எடுத்தால் கனமே இல்லை. அதில் என்ன போட்டாலும் விளையும்.

ஆனால் அந்த மண்ணில்தான் சங்கடமும் இருந்தது. ஈரம் போனால் பீட் சுருங்கும், காற்றுப் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போகும். தண்ணீரை இறைக்க இறைக்க நிலம் இறங்கிக்கொண்டே போயிற்று. பீட்டர்பரோ பக்கம் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851வாக்கில் ஓர் இரும்புக் கம்பத்தைத் தலை தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்தார்களாம். இன்றைக்கு அந்தக் கம்பம் ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிரிக்வில்லோவிலேயே பாதிரியார் குடியிருந்த பழைய வீடு ஒன்று இருக்கிறது. ஆழமாக முளை இறக்கிக் கட்டியதால் வீடு அப்படியே நிற்க, சுற்றியிருந்த தரை மட்டும் இறங்கிப் போயிருக்கிறது. வாசலுக்குக் கீழே படி மேல் படியாகச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. உன் அம்மா அந்தப் படிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலம் இறங்கினால் தண்ணீர் தானாக ஆற்றுக்குப் போகாது, தூக்கித்தான் விட வேண்டும். முதலில் காற்றாலை வைத்தார்கள். மழை கொட்டுகிற நாளில் காற்று இல்லையென்றால் அது நின்றுவிடும், அடித்தாலும் சில அடிதான் தூக்கும். அப்புறம் நீராவி வந்தது. ஸ்ட்ரெதம் என்ற ஊரில் 1831இல் வைத்த நீராவி இன்ஜின் இப்போதும் இருக்கிறது. அது பெரிய துடுப்புச் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரை வாரி மேலே விடும். அந்தச் சக்கரம் முதலில் 29 அடி, பிறகு 33, கடைசியில் 37 அடி. நிலம் இறங்குவதைத் துரத்திக்கொண்டே சக்கரமும் வளர்ந்திருக்கிறது, யோசித்துப் பார். 1830இல் கட்டிய வேறொரு இன்ஜின் வீட்டுச் சுவரில் நாலு வரிப் பாட்டாகவே பொறித்து வைத்திருக்கிறார்களாம். இந்த நிலத்தைத் தண்ணீர் அடிக்கடி மூழ்கடித்தது, அதற்கு மருந்தையும் அறிவியல் தண்ணீரிலேயே கண்டது, நீராவியின் பலத்தால் அழிப்பவனை அவனாலேயே அழிக்கலாம் என்று. மாப்பிள்ளை அர்த்தம் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சரி, இன்ஜினுக்கு வருகிறேன். பிரிக்வில்லோவில் நடு நாயகமாக நிற்பது 1924இல் வைத்த மிர்லீஸ் டீசல். ஐந்து சிலிண்டர், 250 குதிரைத்திறன். இந்த நாட்டின் முதல் டீசல் இன்ஜினை 1897இல் செய்ததே மிர்லீஸ்காரர்கள்தான். நம் பட்டறையில் எத்தனை ஃப்யூல் பம்ப், டீசலைப் பீய்ச்சுகிற நாசில் எத்தனை கழற்றியிருப்போம்! இதில் அந்த மாதிரிப் பம்பு டீசலைச் சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சுவதில்லை. ஒரு கம்ப்ரஸர் காற்றை அழுத்தி வைத்துக்கொள்கிறது, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அளவுக்கு. அந்தக் காற்றுதான் டீசலை அடித்துச் சிதறவிட்டுச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ருடால்ஃப் டீசல் செய்த முறையே இதுதான் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

ஸ்டார்ட் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. என் வயதை ஒட்டிய பெரியவர் ஒருவரும், நீல ஓவரால் போட்ட ஒரு பெண்ணும். அவள் கையில் எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு பேரிங்காகப் போய் எண்ணெய் விட்டு, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் ஃப்ளைவீலில், அதுதான் அந்தக் கனத்த சக்கரத்தில், கடப்பாரை மாதிரி ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பி, கிராங்க்கைத் தனக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறம் காற்று வால்வைத் திறந்தார். ஒரு பெருமூச்சு. ஃப்ளைவீல் அசைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, உடனே டீசலுக்கு மாற்றினார். தரை அதிர்ந்தது. என் செருப்பு வழியாகக் காலில் ஏறியது அந்த அதிர்வு. ஓடும் வேகம் நிதானம்; ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்கலாம். அந்தப் பெண் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு சிலிண்டர் பக்கமாகக் காதைக் கொடுத்து நின்றாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே இடத்தில் எனக்கும் சத்தம் லேசாகப் பிசகியிருந்தது. அவள் எதையோ ஒரு சிட்டிகை திருப்பினாள், சரியாயிற்று.

இன்னொரு பக்கம் விக்கர்ஸ்-பெட்டர் என்று ஓர் இன்ஜின். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பெட்டர் டைப், லிஸ்டர் டைப் என்று நாம் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தோமே, அந்தப் பெட்டர் கம்பெனியின் வழிதான் இது. சிலிண்டர் தலையில் ஒரு குமிழ், அதை ஊதுவிளக்கால் காய்ச்சிச் சிவக்க வைத்த பிறகுதான் ஓடும். நான் பெட்டர் இன்ஜின் மெக்கானிக் என்று அக்காவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்தப் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கை கொடுத்தார். அதற்குப் பிறகு மொழிபெயர்க்க அக்கா தேவைப்படவில்லை. அவர் காட்டுவார், நான் தலையாட்டுவேன். நான் காட்டுவேன், அவர் சிரிப்பார்.

இந்த இன்ஜின்களுக்கு வேலை போய் வெகுகாலமாயிற்று. 1970களிலேயே மின் மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். நீர்மட்டம் ஏறினால் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும், ராத்திரி முழுக்கக் கண்விழிக்க ஆள் வேண்டாம். ஆனால் இறைப்பது மட்டும் நிற்கவே முடியாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் சம்பா மூழ்கினால் சில நாள் இன்ஜின் வைத்து வடிய விடுவோம், அப்புறம் மறந்துவிடுவோம். இங்கே அப்படி மறந்தால் மறுபடியும் சதுப்புதான். அதனால்தான் இந்த ஜனங்களுக்கு இந்த இரும்பின் மேல் இவ்வளவு நன்றி என்று நினைக்கிறேன். ஓட்டத் தெரிந்தவர் ஓட்டிக் காட்ட, பக்கத்தில் நின்று ஒருவர் பழகிக்கொண்டால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கும். புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டால் போதாது. அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

இப்போது உன்னிடம் கேட்க வந்த விஷயம். பட்டறையைக் காலி பண்ணி வாடகைக்கு விடலாம் என்று சொன்னாய். சரியான யோசனைதான், எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு நீ எத்தனை தடவை மன்னார்குடிக்கு ஓடி வர முடியும்? லேத், பழைய பம்புகள், உடைந்த கேசிங் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடு. ஆனால் பின்னால் கிடக்கிற அந்த ஒற்றை சிலிண்டர் லிஸ்டர் டைப் இன்ஜின், இரண்டு பக்கமும் பெரிய ஃப்ளைவீல் உள்ளது, அதை மட்டும் கொடுக்காதே. உன் தாத்தா வாங்கியது. ஆயுள் முழுக்க அதைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அதன் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். உனக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொங்கலுக்கு நான் அங்கே இருப்பேன். நீயும் நாலு நாள் லீவு போட்டு வா. சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்துகிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி ஹாண்டிலைச் சுற்றுவது, எந்த வேகத்தில் லீவரை விடுவது, நாசில் சரியாக அடிக்கிறதா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது, எல்லாம் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

அதுவரை ஒன்று செய்தால் போதும். மழை ஆரம்பிக்குமுன் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு அதைத் திண்ணைக் கொட்டகைக்கு நகர்த்து. நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இஞ்சின் ஆயில் ஒரு கரண்டி விட்டு, ஃப்ளைவீலைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிடு, பிஸ்டன் ரிங் துருவேறிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும். அவசரப்பட்டு அடித்துச் சுற்றாதே. சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வை.

அன்புடன்,
அப்பா