கல்லூரியில் லிப்ரே ஆபிஸ்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளின் கல்லூரி ஏப்ரல் முதல் உரிமக் கட்டண மென்பொருளை விட்டு, 2010இல் ஓபன் ஆபிஸ் என்ற மென்பொருளிலிருந்து கிளைத்த, ஆவணம், கணக்குத்தாள் போன்றவற்றைத் தயாரிக்க உதவும் கட்டற்ற (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய) மென்பொருளான லிப்ரே ஆபிஸுக்கு மாறுவதால், மார்ச் 14, சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பீஷான் சமூக மன்றத்தில் பயிற்சி நடைபெறும். வசதி குறைந்த மாணவருக்கும் வீட்டில் அதே மென்பொருள் கிடைக்கும் என்பதால் இம்மாற்றத்தை மனமார வரவேற்கிறேன்.

1. மடிக்கணினி அவசியம்.

2. லிப்ரே ஆபிஸை அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டுமே இலவசமாகப் பதிவிறக்கவும்.

3. ஒருங்குறி (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியக்கூடும். ஆகவே நகலெடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை முன்கூட்டியே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதைப் புதன்கிழமைக்குள் இக்குழுவில் தெரிவிக்கவும்.

நன்றி.
ஒருங்கிணைப்பாளர்