வைகாசித் திருமணங்களுக்கு நம் மல்லிகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழிப் பனியில் அரிதாகிவிடும் மதுரை மல்லி, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூ, பங்குனி தொடங்கி ஆனி வரை நிறைந்து பூக்கிறது. அந்த மாதங்களின் திருமணங்களிலும், வெயில் தாங்காத கார்னேஷன் போன்ற குளிர்மலைப் பூக்களால் மணமேடையை நிரப்புவது வருத்தமளிக்கிறது.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குக் காலையில் வரும் மல்லிகை மொட்டுகளை வாங்கி, ஈரத்துணியில் பொதிந்து வைத்தால், மாலை வரவேற்பில் அவை தாமாகவே விரிந்து மண்டபம் முழுவதும் மணக்கும். மாலைகளுக்குச் சம்பங்கியும் அரளியும், பந்தலுக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும் போதுமானவை. இவற்றுக்கு மேல் பகட்டு எதற்கு? முகூர்த்த நாள்களில் கோடையிலும் பூ விலை ஏறிவிடுவதால், திருமண வீட்டார் பூக்கட்டுவோரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருமங்கலம்.