'சரி சார்' என்றால் என்ன பொருள்?

கட்டுமானப் பொறியியல் பாடத்திட்டத்தை வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கட்டடப் பணித்தளங்களில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் எழுதுகிறேன். உங்கள் மாணவர்கள் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும் சி.பி.எம்., பெர்ட் வலைப்படங்களை அழகாகப் போடுகிறார்கள். எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் மொத்தத் திட்டமும் பிந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கம்பி கட்டுபவரிடம் போய் வரைபடத்தை விளக்கச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அவர்களை மட்டும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஓர் அடுக்குமாடிப் பணியில் பால்கனியை மூன்றடியிலிருந்து நாலரை அடியாக நீட்டினார்கள். மேற்கம்பி 10 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. ஆக வேண்டும். திருத்திய வரைபடத்தை இரவில் மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. 'சரி சார்' என்று பதிலும் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வாசலில் நிற்கிறது. சென்டரிங் பலகை நாலரை அடிக்கு நீண்டிருக்கிறது, அதன்மேல் கம்பி பழைய கணக்கிலேயே கட்டிக்கிடக்கிறது. வரைபடம் மேஸ்திரியின் கைபேசியைத் தாண்டவில்லை. கம்பி கட்டிய ஒடிசா இளைஞருக்கு மாற்றம் என்ற ஒன்று நடந்ததே தெரியாது. லாரியைத் திருப்பி அனுப்பினோம்.

எங்கள் தளத்தில் 'சரி சார்' என்பதற்குப் பல பொருள் உண்டு. புரிந்தது. காதில் விழுந்தது. புரியவில்லை, ஆனால் கேட்டால் திட்டுவீர்கள். நீங்கள் கிளம்புங்கள், எனக்குத் தெரிந்தபடி செய்துகொள்கிறேன். எது என்பதை எதிரில் நின்று முகத்தைப் பார்த்தால்தான் அறிய முடியும். நீலக் குறிக்கு முகம் கிடையாது.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாத் ரீஜன்சி விடுதிக்குள் தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடிப் பாலமும் அதற்குக் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் ஒரே நீண்ட கம்பியில் தொங்குவதாக இருந்தது. செய்வது கடினம் என்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். அதனால் கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்தே தொங்கியது. அங்கிருந்த இணைப்பின்மீது சுமை இரட்டிப்பானது. முதல் வடிவமைப்பே விதிகள் கேட்ட வலிமைக்குக் குறைவு என்பதும் விசாரணையில் வெளிவந்தது. நான் படித்தபோது இந்த விபத்தைச் சுமைக் கணக்காக நடத்தினார்கள். கணக்குக்கு வெளியே இருந்ததைப் பின்னால்தான் படித்தேன்: தொலைபேசியில் கேட்டுத்தான் மாற்றினோம் என்றது எஃகு வேலை செய்த நிறுவனம், அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றார்கள் வடிவமைத்தவர்கள். மாற்றிய வரைபடத்தில் அவர்களுடைய ஒப்புதல் முத்திரை இருந்தது.

'தகவல் தொடர்புத் திறன்' என்றொரு பாடம் வைத்திருக்கிறோம் என்பீர்கள். அது ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு. அது எங்களுக்குப் பயன்படவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. மாணவர் ஒரு பால்கனி வரைபடத்தைக் கம்பி கட்டுபவர் ஒருவருக்கு விளக்க வேண்டும். தேர்வாளர் மாணவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கம்பி கட்டுபவரை அழைத்து, என்ன கட்டப் போகிறீர்கள், ஏன் கம்பி மேலே வருகிறது என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலுக்கு மாணவருக்கு மதிப்பெண் போடட்டும்.

ஆட்களை அழைத்துவருவது என் பொறுப்பு. அவர்களுடைய ஒரு நாள் கூலியை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தளப் பொறியாளர்