மிஸ் விட்டுப்போன 60 லட்சம்

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள வசந்தா,

திட்டுவதையெல்லாம் முதலிலேயே திட்டிவிடு. பொங்கலுக்கு வாழ்த்து இல்லை, பேத்தியின் காதுகுத்துக்கு வரவில்லை, நீ போன் செய்தால் "அப்புறம் பேசறேண்டி" என்று வைத்துவிடுகிறேன். எல்லாம் உண்மை. ஆனால் நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிற வம்பு போனில் சொல்லித் தீராது.

கணக்கு மிஸ் உயில் எழுதி வைத்திருக்கிறார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய அண்ணன் மகன் கொண்டுவந்து காட்டினார். ஃப்ளாட்டை விற்று வருகிற பணம் முழுவதும் நம் பழைய மாணவியர் டிரஸ்டுக்கு. அப்பா இல்லாத பெண்களுக்குக் கல்லூரிக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் கட்ட வேண்டும், "என்றென்றைக்கும்". அந்தக் கடைசி வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு வேறு. நம் நோட்டில் "படிகள் எங்கே?" என்று சிவப்பு மையில் கிறுக்கியே நம்மை அழவைத்தவர், என்றென்றைக்கும் என்பதற்கு மட்டும் ஒரு படியும் எழுதாமல் போய்விட்டார்.

பாக்கி சாக்கியெல்லாம் போக 60 லட்சம் வந்தது. முடிவெடுக்க நாலு பேர்: நான், பத்மா, நம் ஆமாம்சாமி, அப்புறம் அந்த அண்ணன் மகன். மயிலாப்பூரில் பத்மா வீட்டு முன்னறையில் கூட்டம். கூட்டத்தைவிடக் கீரை வடை நன்றாக இருந்தது.

கணக்கைச் சொல்கிறேன், மிஸ் மாணவிதானே நீயும். வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால் 7 சதவீதம் என்று வை. வருஷத்துக்கு 4.2 லட்சம். ஒரு பெண்ணுக்கு எல்லாம் சேர்த்து 40,000 என்றால் பத்துப் பெண்கள். பேஷ். கட்டணம் வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும். வட்டி அதே 4.2 லட்சம்தான், பெண்கள் ஐந்து. இன்னொரு 12 வருஷம் போனால் இரண்டரை. அந்த அரைப் பெண்ணை என்ன செய்வது என்று மிஸ்ஸைத்தான் கேட்க வேண்டும்.

வட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அசலில் சேர்க்கலாமே என்பாய். வரிவிலக்கு வேண்டும் என்றால் டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும். நம் இஷ்டத்துக்கு ஒதுக்கி வைக்க 15 சதவீதம்தான். அது விலைவாசிக்குப் பின்னால் ஓடப் போதாது. கம்பெனிப் பங்கை நேராக வாங்கவும் பொதுவாக வழி இல்லை. மியூச்சுவல் ஃபண்டுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே பெரும்பகுதியை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது சந்தைக் குறியீட்டில் இருக்கிற பங்குகளையெல்லாம் அப்படியே வாங்கி வைக்கிற ஃபண்டில், போடலாம் என்றேன். அவ்வளவுதான், பத்மா முகம் சுண்டிப்போயிற்று.

இத்தனைக்கும் பத்மா யார்? பேரன் கல்யாணத்துக்கு இப்போதே மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் எஸ்ஐபி கட்டுகிறவள். அன்றைக்கே வடை எண்ணெய்க் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, போனைத் திறந்து தன் ஃபண்டுகளை எனக்குக் காட்டினாள். ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை, லாபம். "அப்புறம் என்னடி பயம்?" என்று கேட்டால், "இது என் பணம். போனா என்னோட போச்சு. அது மிஸ் பணம்" என்கிறாள்.

முதலீட்டுப் பிரிவில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். அங்கேயும் இதே ஆட்களைத்தான் பார்த்தேன். கோட்டு மட்டும்தான் வேறு. அடுத்தவர் பணம் என்று வந்தால் மனசு நஷ்டத்துக்குப் பயப்படுவதைவிடக் கேள்விக்குத்தான் அதிகம் பயப்படுகிறது. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜின் பணத்தை 1924 முதல் 1946-ல் சாகிறவரை பார்த்துக்கொண்டவர் பொருளாதார மேதை கெயின்ஸ். கல்லூரிப் பணத்தைத் துணிந்து பங்குகளுக்குத் திருப்பினவர். அவர் 1936-லேயே எழுதிவிட்டார்: ஊரோடு ஒத்துப்போய்த் தோற்பதுதான் பேருக்கு நல்லது, தனிவழி போய் ஜெயிப்பது அல்ல என்று உலக அனுபவம் சொல்கிறதாம். டெபாசிட்டில் கிடக்கிற பணம் விலைவாசியில் கரைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. கரைவது ஆடிட்டர் அறிக்கையில் வருவதும் இல்லை. அசல் 60 லட்சம், 60 லட்சமாகவே அச்சாகும்.

பத்மா விடவில்லை. "2020 மார்ச்சை நினைச்சுப் பாரு" என்றாள். ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே. நமக்கோ கணக்கு முடிப்பது மார்ச் 31. அன்று 29,000 சொச்சம். "அந்த வருஷ ஜெனரல் பாடி மீட்டிங்ல, எல்லா மெம்பரும் உக்காந்திருக்க, எழுந்து நின்னு என்ன சொல்லுவே?" நான் சொன்னேன், அடுத்த மார்ச் 31-ல் அது 49,000-ஐத் தாண்டியிருந்தது என்று. "அது அடுத்த வருஷ ஜெனரல் பாடி" என்றாள். இதற்குப் பதில் சொல்ல முடியவில்லையடி. கானமனும் ட்வர்ஸ்கியும் என்ற உளவியல் அறிஞர்கள் 1979-ல் சொன்னதுதான்: ஒரு ரூபாய் வருகிற சந்தோஷத்தைவிட அதே ரூபாய் போகிற வலி பெரிது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிறகு கணக்கிட்டார்கள். 1995-ல் பெனார்ட்ஸியும் தேலரும் என்ற பொருளாதார அறிஞர்கள் அதற்கு ஒரு வால் சேர்த்தார்கள். எத்தனை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறோமோ அத்தனை முறை வலிக்கும். அதனாலேயே நீண்டகாலப் பணத்தைக்கூட ஜனங்கள் ஒரு வருஷப் பணம்போல நடத்துகிறார்கள் என்று. நம் டிரஸ்டுக்கு ஆயுசு என்றென்றைக்கும், பொறுமைக்கு ஆயுசு ஒரு வருஷம்.

இதற்கு நடுவே அண்ணன் மகன் வேறு. அவருக்குச் சலவைக்கல் பலகை வேண்டும், சரி, வைக்கட்டும். வருஷா வருஷம் எல்லாப் பெண்களையும் நிறுத்தி ஒரு போட்டோ வேண்டும். "பத்து என்ன மேடம், முதல் வருஷம் பதினஞ்சு பேருக்குக் குடுக்கலாமே, அத்தை பேரு நிக்கணும்" என்கிறார். எனக்கு முதலில் எரிச்சல்தான். யோசித்தால், கொடுப்பவர் மனசு அப்படித்தான் இருக்கும். முகம் தெரிகிற ஒருத்திக்குக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கிறது. 2050-ல் வரப்போகிறவளோடு போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய இடத்துக் கதையும் இதுதான். நோபல் 1895-ல் எழுதிய உயிலில் பணத்தைப் பத்திரமான முதலீடுகளில் போடச் சொன்னார். பத்திரமாகவே போட்டார்கள். விலைவாசியும் வரியும் சேர்ந்து பரிசை அரித்தன. 1953-ல் விதிகளைத் தளர்த்திப் பங்குகளையும் வாங்க இடம் கொடுத்தார்கள். அதற்கப்புறமும் 1991 வரை காத்திருந்துதான் பரிசு 1901-ல் இருந்த மதிப்பை எட்டிப் பிடித்தது. சரி, பயப்படாமல் போய்விடலாம் என்றால் ஹார்வர்ட் இருக்கிறது. 2008 சரிவில் உலகிலேயே பணக்காரப் பல்கலைக்கழகம் கையில் ரொக்கம் போதாமல் 250 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றது. பத்மாவுக்கு இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரமாக ஹார்வர்ட் ஹார்வர்ட் என்கிறாள், அங்கே படித்தவள் மாதிரி.

நம் ஊரிலேயே பச்சையப்ப முதலியார் இல்லையா? அவர் இறந்தது 1794. பள்ளிக்கூடம் வந்தது 1842. நடுவில் அவர் அறத்துக்கு விட்டுப்போன பணம் வழக்கில் சிக்கிக் கிடந்தது, வட்டி ஏறிக்கொண்டே போனது. யாராலும் தொட முடியாமல் இருந்ததால்தான் அது பெருகியது என்று எனக்கு ஒரு கிண்டலான எண்ணம். மெட்ராஸ் கோர்ட்டைவிட நல்ல ஃபண்ட் மேனேஜர் உண்டா? பேரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே பாடம் இருக்கிறது. ஆர்பத்நாட் என்ற மெட்ராஸ் தனியார் வங்கி 1906 அக்டோபரில் கவிழ்ந்து, ஊர்ப்பட்ட குடும்பங்களை உட்காரவைத்து, அதை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தக் காயத்தில்தான் மறுவருஷம் இந்தியன் வங்கி பிறந்தது.

இப்போது உன் ஆடுகளுக்கு வருகிறேன். சிரிக்காதே. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை விரல் வைத்து நீ படித்துக்காட்டியபோது, வெயிலில் கால் சுடுகிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் காதில் விழுந்தது போகவில்லை. அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, சாவா மூவாப் பேராடு. இடையர் ஆட்டை வைத்துக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரன் சூரியன் உள்ளவரை. செத்தாலும் கிழண்டாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டி போட்டால் இடையருக்கு. எத்தனை வருஷம் முதலீட்டில் இருந்தும் இதை நான் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். கோயிலுக்கு வரவேண்டிய வருமானம் நெய், காசு இல்லை. நெய் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, விளக்கு எரியும். ராஜராஜன் அதிகாரிகளுக்கு விலைவாசி பற்றிய கவலையே கிடையாது. காசாக வைத்த அறங்களுக்கும் ஊர்ச் சபைகளிடம் கொடுத்துக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம் பொலிசை, வட்டி. அதையும் சில இடத்தில் நெல்லாக அளந்தார்கள் என்று நீதான் சொன்னாய். மிஸ் நமக்கு ஆடு விட்டுப்போகவில்லை, காசுதான். காசை ஆடாக்குவது நம் வேலை.

அதனால் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். இரண்டு வருஷக் கட்டணத்துக்குத் தேவையானது எப்போதும் டெபாசிட்டில் கிடக்கட்டும். இது பத்மாவுக்காக, ஹார்வர்டுக்காகவும். மீதி ஃபண்டில். கடந்த மூன்று வருஷ மதிப்பின் சராசரியில் 4 சதவீதம்தான் ஒரு வருஷத்தில் செலவு. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அந்த வருஷம் எதையும் விற்றுவிட்டு ஓடுவதில்லை என்று இப்போதே, மனசு நிதானமாக இருக்கும்போதே, நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். நார்வே அரசு தன் எண்ணெய் வருமானத்தைப் போட்டுவைக்கிற நிதி 2008-ல் 23 சதவீதம் விழுந்தது. பங்கின் அளவை 60 சதவீதத்துக்குக் கொண்டுபோவதென்று முன்கூட்டியே முடிவு செய்திருந்ததால், விழ விழ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிவைக் கலவரத்துக்கு முன்பே எடுத்திருந்தார்கள், அதுதான் வித்தியாசம். ஆடிட்டர் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். ஆமாம்சாமி படிக்காமலே தலையாட்டிவிட்டது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது, வசந்தா. 60 லட்சத்தில் 4 சதவீதம் 2.4 லட்சம். ஆறு பெண்கள். பத்து இல்லை.

போன வாரம் விண்ணப்பித்த பெண்களை நேரில் பார்த்தோம். பத்துப் பேர் வந்தார்கள், சொல்லிவைத்த மாதிரி. ஏழாவதாக வந்தவள் திருவொற்றியூர்ப் பக்கம். சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ஒரு ரப்பர் பேண்ட். அப்பாவின் இறப்புச் சான்றிதழை நாங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலைத்தான் தேடினாள். கணக்கில் 91. பத்மா என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அண்ணன் மகன், நான் இத்தனை நாள் போட்டோ ஆசாமி என்று நினைத்த மனிதர், எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அறக்கட்டளைப் பொறுப்பில் இருப்பவர்கள் இன்று கேட்பவர்களிடமிருந்து நாளைய பிள்ளைகளைக் காக்கும் காவலர்கள் என்று டோபின் என்ற பொருளாதார அறிஞர் 1974-ல் எழுதினார். ஆபீஸில் இருந்தபோது எத்தனையோ குறிப்பில் அதை நானே பெருமையாக மேற்கோள் காட்டியிருக்கிறேன். இன்று கேட்பவள் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த வாக்கியம் வாயில் வரமாட்டேன் என்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து வரப்போகிறவளும் இதே மாதிரி ஒரு கவரோடுதான் வருவாள், எனக்குத் தெரியும். அவள் பேசமாட்டாள், ஏனென்றால் இன்னும் அவள் ஒன்றாம் வகுப்பில்கூடச் சேரவில்லை. அவளுக்காகப் பேசுகிற ஒரே ஆள் நான். அதைச் செய்தால் கல்நெஞ்சுக்காரி, செய்யாவிட்டால் ஊதாரி. உன்னிடம் சொல்வதற்கென்ன, அன்று ராத்திரி பத்தையும் எடுத்துக்கொள்வோம், பின்னால் நடப்பதைப் பின்னால் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் காபி குடித்தபிறகு நினைக்கவில்லை. அசலிலும் விதியிலும் கைவைக்கப் போவதில்லை. பாக்கி நாலு பெண்களுக்கு அவரவர் கையிலிருந்து கொடுப்பது, தலைக்கு 40,000, படிப்பு முடியும்வரை வருஷா வருஷம். நான் ஒன்று. பத்மா ஒன்று, அந்த ஒரே சிவப்பு ஃபண்டை விற்றுத் தரட்டும் என்றேன், நஷ்டத்தில் விற்கமாட்டாளாம், பச்சையை விற்கிறாளாம். இத்தனை வருஷப் படிப்பு வீண். அண்ணன் மகன் ஒன்று, போட்டோ கூட வேண்டாம் என்றார். நாலாவதற்கு உன் பெயரை எழுதிவிட்டேன். கேட்காமல்தான் எழுதினேன். உன் பெண் அந்தத் திருவொற்றியூர்க்காரி.

தீர்மான நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். "கலவரம்" என்று வருகிற பத்தியை மட்டும் கொஞ்சம் பார், என் தமிழ் அங்கே கவர்மெண்ட் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது. செக் டிரஸ்ட் பேரில் போடு, என் பேரில் போட்டுத் தொலைக்காதே. ஜூன் முதல் வாரம் கட்டணம் கட்டியாக வேண்டும். ரசீது தபாலில் வரும், வரிக்கழிவுக்கு உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடு. மூட்டுவலித் தைலம் அங்கே கிடைக்கிறதா, இல்லை இங்கிருந்தே அனுப்பட்டுமா?

அன்புடன்,
சரோ