ருபீடியம் பெட்டி வேண்டாம்

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் செலவைப்போல் இரு மடங்கு கொடுத்து, ருபீடியம் அணுக்கடிகாரப் பெட்டி ஒன்றை எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக மாற்றும் உன் டிஏசியோடு இணைக்கப்போவதாக எழுதியிருப்பதைப் படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அளந்து குறித்த எண்கள்), அதாவது அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 22.7 மைக்ரோநொடி. எண்களில் பிழையே இல்லாவிட்டாலும், அவற்றை மின்னழுத்தமாக மாற்றும் கணம் முன்பின்னாக நகர்ந்தால் அலையின் வடிவம் கெடும். இதுதான் நீ அஞ்சும் ஜிட்டர். பழைய கோஆக்ஸியல் இணைப்பில் தரவும் கடிகாரத் துடிப்பும் ஒரே கம்பியில் வந்ததால், அந்தத் துடிப்பை டிஏசி தானே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கம்பியின் குறைகளும் அதில் கலந்தன. நீ பயன்படுத்தும் அசின்க்ரனஸ் யூ.எஸ்.பி.யிலோ, டிஏசி தனக்குள்ளேயே கடிகாரத் துடிப்பைத் தரும் படிகத்தின் வேகத்துக்கேற்பக் கணினியிடம் தரவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மூடியைக் கழற்றிப் பார்: பெரும்பாலும் மாற்றிச் சில்லுக்குப் பக்கத்திலேயே 22.5792, 24.576 என்று மெகாஹெர்ட்ஸ் கணக்கில் பொறித்த இரண்டு சிறு உலோகப் பெட்டிகள் இருக்கும். முன்னது 44.1 கிலோஹெர்ட்ஸ் வகைக்கு, பின்னது 48 வகைக்கு.

ருபீடியம் பெட்டி தருவது 10 மெகாஹெர்ட்ஸ். அதை நேராக வகுத்து 22.5792 பெற முடியாது. இடையில், ஒரு துடிப்பைப் பின்பற்றி வேறு வேகத்தில் துடிப்பை உண்டாக்கும் பிஎல்எல் சுற்று வேண்டும், ஜிட்டர் அதன் வழியாகவே உள்ளே வந்துவிடும். தவிர, ருபீடியத்தின் பெருமை மாதக்கணக்கில் வேகம் மாறாதது. நமக்கு வேண்டியதோ அடுத்தடுத்த துடிப்புகளுக்கிடையே சீர். பல கருவிகள் ஒன்றாக ஓடும் ஒலிப்பதிவுக்கூடத்தில் பொதுக்கடிகாரத்துக்கு வேலை உண்டு. உன் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு டிஏசி.

1998இல் பெஞ்சமின், கானன் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், இசையில் 20 நானோநொடிக்குக் குறைந்த ஜிட்டரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைய நல்ல டிஏசிகளில் அது பிகோநொடிக் கணக்கு. என் காதையும் சோதித்துக்கொண்டேன். போன மாதம் என் மனைவி சொல்லாமல் ஆப்டிகல் இணைப்பையும் யூ.எஸ்.பி. இணைப்பையும் மாற்றிமாற்றிப் போட, இருபதில் பதினொன்றுதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்; அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதவில்லை.

கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டாயா என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
வரதன்