பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவர்கள் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேசிய பாதுகாப்பு வாரத்தையொட்டி உங்கள் நாளிதழில் வந்த செய்திகளையும் படங்களையும் பார்த்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு உறுதிமொழி, தீயணைப்பு ஒத்திகை, வாசகப் போட்டிக்குப் பரிசு. எல்லாமே வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மணலிப் பக்கம் ரசாயன ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பல வருஷமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்தச் செய்திகளில் வராத ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆலையைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கிற கம்ப்யூட்டரை வெளியாள் ஒருவன் கைப்பற்றினால் என்ன ஆகும்? நான் உடனிருந்து பார்த்த எந்தத் தணிக்கையிலும் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

பெரிய ஆலை எதுவானாலும் அங்கே இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று ஆலையை ஓட்டுவது. கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும் திரைகளெல்லாம் அதைச் சேர்ந்தவை, டிசிஎஸ் என்போம். இன்னொன்று ஆலையை நிறுத்துவது. பாய்லரில் தீ அணைந்துவிட்டது, ரியாக்டரில் பிரஷர் எல்லை மீறிவிட்டது, தொட்டி நிரம்பி வழியப் போகிறது என்றால் யாரையும் கேட்காமல் வால்வை மூடி, எரிபொருளை நிறுத்தி, ட்ரிப் செய்துவிடும், அதாவது ஆலையைத் தானாக நிறுத்திவிடும். சேஃப்டி சிஸ்டம், ஈஎஸ்டி, இன்டர்லாக் என்று ஆலைக்கு ஆலை ஒரு பெயர். மாதக்கணக்கில் சும்மாவே இருக்கும். தேவைப்படும் அன்று ஒரே ஒரு முறை வேலை செய்தால் போதும். அந்த ஒரு முறை செய்யாவிட்டால் ஷிஃப்டில் இருப்பவர்களோடு, மதிலுக்கு வெளியே வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியதுதான்.

2017-இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் இந்த இரண்டாவது அமைப்பைத்தான் குறிவைத்தார்கள். அதன் மூளையாக இருந்த கம்ப்யூட்டர் ஷ்னைடர் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ட்ரைகோனெக்ஸ் கண்ட்ரோலர், எங்கள் துறையில் பெயர்பெற்ற பொருள். உள்ளே மூன்று பிராசஸர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும், மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் முடிவு. ஒன்று கெட்டாலும் ஆலை ஓடும், பாதுகாப்பும் போகாது. அந்த ஆலை ஜூன் மாதம் ஒருமுறை தானாக நின்றது. கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டினார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி மீண்டும் நின்றது. அப்போதுதான் துருவிப் பார்த்து, சேஃப்டி சிஸ்டத்துக்கு லாஜிக், அதாவது எப்போது எதை நிறுத்த வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பை ஏற்றும் இன்ஜினியரிங் கம்ப்யூட்டரில் ட்ரைலாக் என்ற பெயரில் ஒரு புரோகிராம் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ட்ரைகோனெக்ஸின் லாக், அதாவது நிகழ்வுப் பதிவுகளைப் பார்க்கும் மென்பொருள் மாதிரியே பெயர், யார் பார்த்தாலும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவார்கள். கண்ட்ரோலரின் நினைவகத்துக்குள் நுழைந்து, வெளியிலிருந்து வரும் கட்டளைகளைக் கேட்கும்படி அதை எழுதியிருந்தார்கள். டிசம்பரில் விஷயம் வெளியே வந்தபோது ட்ரைட்டன் என்றும் ட்ரைசிஸ் என்றும் பெயர் வைத்தார்கள். உயிர் காக்கும் கண்ட்ரோலரையே தாக்க எழுதப்பட்டதாக உலகத்துக்குத் தெரிய வந்த முதல் வைரஸ் இதுதான். இதில் தொடர்பு என்று சொல்லி ரஷ்ய அரசின் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீது 2020-இல் அமெரிக்கா தடை விதித்தது, அங்கே வேலை பார்த்த ஒருவர் மீதான குற்றப்பத்திரிகையை 2022 மார்ச்சில் வெளியிட்டது.

ஆலை தப்பித்தது எப்படி என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. நுழைந்தவர்கள் செய்ததில் ஏதோ பிசகி, பிராசஸர்களுக்கு இடையில் நடக்கும் சரிபார்ப்பு ஒத்துவராமல் போனது, கண்ட்ரோலர் தன் இயல்புப்படி பாதுகாப்பான பக்கம் போய் ஆலையை நிறுத்திவிட்டது. அவர்கள் பிசகாமல் செய்திருந்தால் ஆலை நின்றிருக்காது, யாருக்கும் தெரிந்தும் இருக்காது, பிரஷர் ஏறும் ஒரு நாளில் இன்டர்லாக் வரும் வரும் என்று ஆபரேட்டர் காத்திருந்திருப்பார்.

இப்போது சாவிக்கு வருகிறேன். அந்த கண்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கிறது. ரன், புரோகிராம், ரிமோட், ஸ்டாப் என்று நான்கு நிலைகள். ரன்னில் வைத்து, சாவியை உருவி, பூட்டி வைத்துவிட்டால் நெட்வொர்க் வழியாகப் புது லாஜிக் ஏற்ற முடியாது. மாற்றம் செய்யும்போது மட்டும் புரோகிராமுக்குத் திருப்ப வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப ரன்னுக்கு. அந்த ஆலையில் சாவி புரோகிராமிலேயே கிடந்தது. அதைவிட மோசம், அந்த வைரஸ் ஒருமுறை உள்ளே உட்கார்ந்துவிட்டால் பிறகு சாவியை ரன்னுக்குத் திருப்பினாலும் பயனில்லாதபடி எழுதப்பட்டிருந்தது.

அங்கேதான் அப்படி என்று நினைக்க வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், இந்த கண்ட்ரோலர்களை வைத்திருக்கும் ரேக் ரூம் கதவைத் திறந்தால் ஏசி இரைச்சலுக்கு நடுவே ரேக் முகப்பில் பச்சை விளக்குகள் எரியும், பக்கத்திலேயே சாவி துவாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், அதில் ஒரு டேக், டேக்கில் எழுதியிருந்த தேதி மங்கி வாசிக்கவே முடியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் விடுவதில்லை. ஷட்டவுன் முடிந்து ஸ்டார்ட்அப் அவசரம், இன்னும் இரண்டு லாஜிக் மாற்றம் பாக்கி, ஒவ்வொரு முறையும் பெர்மிட் வாங்கி, சாவிக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்து வர வேண்டும், சரி இருக்கட்டும் என்று விடுவார்கள், அது அப்படியே நின்றுவிடும். பைபாஸும் இதே கதைதான். அளவைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் கோளாறு என்று ஒரு ட்ரிப்பை பைபாஸில் போடுவார்கள், அதாவது தற்காலிகமாகச் செயல்படாமல் வைப்பார்கள், டிரான்ஸ்மிட்டரை மாற்றியும் விடுவார்கள், பைபாஸை எடுக்க மறந்துவிடுவார்கள்.

இந்த ஆபத்து எங்கள் காகிதக் கணக்கில் எப்படித் தப்பிவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேசாப், லோபா என்று எங்கள் ஆபத்து ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்து, என்ன தவறலாம், எந்தக் காப்பு தடுக்கும் என்று கணக்குப் போடுவோம். பிரஷர் போன்ற ஓர் அளவைச் சீராக வைத்திருக்கும் கண்ட்ரோல் லூப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறலாம். அலாரம் அடித்தும் ஆபரேட்டர் கவனிக்காமல் போவது பத்தில் ஒரு முறை. அதற்கும் மேலே எஸ்ஐஎல் 3 என்ற உயர்ந்த நம்பகத் தரத்தில் ஓர் இன்டர்லாக், அது தேவைப்படும்போது வேலை செய்யாமல் போக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் லட்சம் வருஷத்துக்கு ஒருமுறைகூட வராது என்று விடை வரும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். கணக்கில் தப்பில்லை. ஒன்று தவறுவதற்கும் இன்னொன்று தவறுவதற்கும் சம்பந்தம் இல்லை என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. ஓட்டும் அமைப்பும் நிறுத்தும் அமைப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், இரண்டுக்கும் ஒரே இன்ஜினியரிங் கம்ப்யூட்டர் என்றால், உள்ளே வந்தவன் லூப்பையும் கெடுப்பான், அலாரத்தையும் மறைப்பான், இன்டர்லாக்கையும் ஊமையாக்குவான், மூன்றையும் ஒரே நேரத்தில். அப்போது பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? மூன்று காப்பும் ஒரே காப்பாகிவிட்டது.

இதை யார் பார்க்க வேண்டும் என்பதில்தான் ஓட்டை. சேஃப்டி ஆபீசரைக் கேட்டால் கம்ப்யூட்டர் விஷயம் ஐடி பிரிவு என்பார். ஐடி பிரிவோ அலுவலக கம்ப்யூட்டர்களைப் பார்க்கும், பிளான்ட் உள்ளே வந்தால் கை வைக்க பயம், அந்த பயம் நியாயமானதும்கூட, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் பேட்ச் போடுகிறேன் என்று ஒரு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த ஷட்டவுன் வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாங்கள், இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள். கருவியை விற்ற நிறுவனத்தின் ஆள், அதாவது வென்டர், லேப்டாப்பை எடுத்து வந்தால் கேட்டில் சீரியல் நம்பரைப் பதிவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் வென்டர் வர முடியாமல் தூரத்திலிருந்து பார்க்க ஓர் இணைப்பு போட்டுக்கொடுத்தோமே, அது இன்னும் திறந்து கிடக்கிறதா என்று ஒவ்வோர் ஆலையும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கட்டும்.

"நம்ம பிளான்ட் இன்டர்நெட்டிலேயே இல்லை சார்" என்பது எல்லா இடத்திலும் வரும் பதில். ஈரானின் நத்தான்ஸ் யுரேனியம் ஆலையும் இன்டர்நெட்டில் இல்லை. அங்கே புகுந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பென்டிரைவ் வழியாகப் பரவக்கூடியது, 2010-இல் அது வெளியே தெரிவதற்குள் யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் சுழல் கருவிகளின் வேகத்தை மாற்றிக் கெடுத்துக்கொண்டே, ஆபரேட்டரின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில் அங்கே வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்ததும், கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இருக்கிறது, தாக்கவே முடியாது என்று மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அவர்களுக்குத் தெரிவித்திருந்தது. உலைக் கட்டுப்பாட்டுக்கு எதுவும் ஆகவில்லை என்றார்கள், நம்புகிறேன். ஆனால் தனித்து இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைக்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

போபாலில் 1984-இல் காப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. குளிரூட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள், வாயுவை எரிக்க வேண்டிய ஃப்ளேர் இணைப்பு கழற்றிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளும், வெளி நிபுணரை வைத்து ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் வந்தன. அந்தத் தணிக்கையில் ஃப்ளேர் இணைப்பு இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்கிறார்கள். அதே கண்ணோடு ரேக் ரூமையும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சர்வதேசத் தரநிலை ஐஇசி 61511-இன் 2016 பதிப்பு, சேஃப்டி சிஸ்டத்துக்கு சைபர் அபாய மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்கிறது. டெண்டரில் அந்தத் தரநிலையின் பெயரை எல்லோரும் எழுதுகிறார்கள், அந்தப் பிரிவுக்கான அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டால் பல இடங்களில் கைவிரிப்பார்கள்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை நடக்கும். தணிக்கைக்கு வருபவர் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும். இப்போது பைபாஸில் இருப்பவை எவை, யார் அனுமதித்தது, எப்போது எடுப்பார்கள் என்று பட்டியல் கேட்க வேண்டும். சேஃப்டி சிஸ்டத்தின் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் எங்கே போகிறது என்று வரைபடத்தை நம்பாமல் கேபிளையே பின்தொடர வேண்டும். ஹேசாப் கூட்டத்தில் ஒவ்வொரு ஆபத்துக்கும், இதை ஒருவன் வேண்டுமென்றே செய்தால் எந்தக் காப்பு மிஞ்சும் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும், அந்த மேஜையில் ஐடி ஆளும் உட்கார வேண்டும். "எதுவும் மிஞ்சாது" என்பது பதிலானால், எந்த நெட்வொர்க்கும் தொட முடியாத ஒரு ரிலீஃப் வால்வையோ (பிரஷர் ஏறினால் ஸ்பிரிங்கால் தானாகத் திறப்பது) கம்ப்யூட்டர் இல்லாமல் நேரடி வயரிங்கில் ஓடும் ஹார்டுவயர் ட்ரிப்பையோ அங்கே வைக்கச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் வால்வை எந்த ஹேக்கராலும் ஏமாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. காரணம் புரியாமல் ஒரு ட்ரிப் வந்தால் ரீசெட் செய்துவிட்டு ஓட்டச் சொல்லும் அழுத்தம் எல்லா ஆலையிலும் இருக்கிறது. ரேக் ரூமில் முதலில் போய் நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்த டெக்னீஷியன்தான். சார், இது வழக்கமான ட்ரிப் மாதிரி இல்லை, பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று அவர் சொன்னால் அடுத்த மாதம் அவருடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா? பெயர் வெளியே வராமல் அவர் இயக்ககத்துக்கே நேராகத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும், அதை அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதி ஒவ்வொரு ரேக் ரூம் கதவிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்ட் பொறியாளர் ஒருவர்,
மணலி, சென்னை.