தெளித்த நீரும் குளிர்ந்த ஆவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்ட, நீர் ஒட்டாத நானோ பரப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, தாமரை இலையில் உருள்வது போலவே, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவியான கண்டென்சரின் குழாயிலும் நீர் உருண்டோடிவிடும் என்கிறது. கண்டென்சர் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அந்த வரியை அப்படியே விட மனமில்லை.

சாதாரணக் குழாயில் நீராவி குளிரும்போது நீர் படலமாகப் படிந்து குழாயைப் போர்த்திவிடுகிறது. 0.1 மி.மீ. நீர்ப்படலம் வெப்பத்துக்குத் தரும் தடை, சுமார் 6 செ.மீ. கனமுள்ள செம்பு தரும் தடைக்கு ஈடானது. படலமாகாமல் துளித்துளியாகக் குளிர்ந்தால் வெப்பப் பரிமாற்றம் பன்மடங்கு கூடும் என்பது 1930-லேயே ஜெர்மன் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் குழுவினர் கண்டறிந்த செய்தி. வழவழப்பான பரப்பில் துளி இரண்டு மி.மீ. அளவுக்குப் பெருத்த பிறகே தன் எடையால் வழியும். நானோ பரப்பிலோ, மயிரிழையினும் சிறிய இரு துளிகள் இணையும்போது மேற்பரப்பு சுருங்கி மிஞ்சும் ஆற்றலே புதிய துளியைத் துள்ளி எழச் செய்கிறது. இதை 2009-இல் ஆய்வாளர்கள் போரெய்கோவும் சென்னும் விளக்கினர். பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், செப்பு ஆக்சைடு பரப்பில், வழக்கமான துளி முறையைவிட 30 சதவீதம் கூடுதல் வெப்பப் பரிமாற்றக் கெழு (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) கிடைத்ததாக அறிவித்தனர்.

கட்டுரை இந்த இடத்தோடு நின்றுவிட்டது. சிக்கலோ இங்கேதான் தொடங்குகிறது. தாமரை இலைமேல் தெளித்த நீர் உருண்டோடும். அதே இலையை ஆவியில் காட்டினால், படியும் துளிகளில் பல ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து விழும் துளி மேடுகளின் முனையில் அமர்கிறது, ஆவியில் பிறக்கும் துளியோ மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்திலேயே உருவாகிறது. ஆவிக்கும் குழாய்க்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு மிகும்போது பள்ளங்கள் எல்லாம் நிரம்பி, துள்ளல் நின்று, நானோ பரப்பு வழவழப்பான பூச்சைவிடவும் மோசமாகிவிடுகிறது. மேற்சொன்ன 30 சதவீதமும் வேறுபாடு சிறிதாக இருந்த நிலையில் கிடைத்ததே.

பூச்சின் ஆயுள் இன்னொரு தொல்லை. நீர்விலக்கும் மேல்பூச்சு மிக மெல்லியது; இடைவிடாத ஆவியில் அது சிதையும். கனமாகப் பூசினாலோ, அந்தக் கனமே வெப்பத்துக்குத் தடையாகிவிடும்.

ஆகவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலை வேறுபாட்டில் சோதித்தார்கள், வெப்பப் பரிமாற்றத்தைக் குறைக்கும் காற்று ஆவியில் கலந்திருந்ததா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்